‘நமக்கு எதுக்கு’ என்னும் பேச்சின் அடியில்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவிலும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வளர்ந்தவர்கள் ஒரு பேச்சைப் பல வாய்களில் கேட்டிருப்பார்கள்: “நமக்கு எதுக்கு அதெல்லாம்?” பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வு முடித்த பெண் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடலாமா என்று கேட்டால் அத்தை இதைச் சொல்வார். கடை வைக்க வங்கியில் கடன் கேட்டுப் பார்க்கலாமே என்றால் மாமா சொல்வார். பல்வலிக்கு நல்ல மருத்துவரிடம் போகச் சொன்னால் பாட்டியும் இதையே சொல்வார். சொல்லும் குரலில் கோபம் இராது. பிள்ளை ஆசைப்பட்டு ஏமாந்துவிடக் கூடாதே என்ற பரிவுகூட அதில் கலந்திருக்கும். ஆயினும் தன்னைத் தானே தாழ்வாக மதிக்கும் மனநிலை நம்மிடையே எவ்வாறு குடியிருக்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இதைவிட நல்ல வாயில் கிடையாது. ஆகவே இந்தப் பேச்சையே எடுத்துக்கொண்டு, அதன் அடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்போம். வாசகர் சற்று மெதுவாக உடன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் கண்ணில் படுவது அதன் பன்மை. ‘எனக்கு எதுக்கு’ என்று எவரும் தொடங்குவதில்லை. ‘நமக்கு’ என்றே தொடங்குகிறார்கள். கேட்பவரையும் உள்ளடக்கும் பன்மை அது. இலக்கணிகள் உளப்பாட்டுப் பன்மை என்பார்கள். பேசுபவர் தம்மை மட்டும் தாழ்த்திக்கொள்வதில்லை. எதிரில் நிற்கும் பிள்ளையையும், பிறவாத பேரனையும் அதே வரிசையில் நிறுத்திவிடுகிறார். தனி மனிதர் ஒருவரின் மனக்குறை மட்டுமே இதற்குக் காரணமாக இருந்தால் இத்தனை பேர் ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்ல மாட்டார்கள். பன்மையில் வரும் இழிவுக்குப் பன்மையில் ஒரு வரலாறு இருந்தாக வேண்டும்.

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தான் செய்த ஒரு செயலை வெறுப்பது வேறு. தன்னையே வெறுப்பது வேறு. திருக்குறளில் மானத்துக்கு 97ஆம் அதிகாரமும் நாணுடைமைக்கு 102ஆம் அதிகாரமும் உண்டு. வள்ளுவர் போற்றும் நாண், தகாத செயலுக்குமுன் மனிதரைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல். அது ஒருவரைக் காக்கிறது. நாம் இங்கே ஆராயும் உணர்வோ செயலைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது. எதுவும் செய்யாதபோதும் அது இருக்கும். நல்லதைச் செய்தபின்பும் போகாது. அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-இல் எழுதிய நூல் இதே கோட்டைக் கிழித்துக் காட்டியது: குற்றவுணர்வு ‘நான் செய்தது தவறு’ என்கிறது; அதற்குப் பரிகாரம் உண்டு. இழிவுணர்வு ‘நானே தவறு’ என்கிறது. அதற்குப் பரிகாரம் எதுவும் தென்படாது, ஒளிந்துகொள்ளவே தோன்றும். இந்த இரண்டாவதைத் தன்னிழிவு என்று அழைப்போம். அதற்கு எதிர்நிலையில் நிற்பதைத் தன்மதிப்பு என்போம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து வைத்தார். மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. அவருக்கு முன்பே இங்கு வாழ்ந்த செமாய் மக்களின் பெயர் நிலைக்கவில்லை. 1920-களின் பிற்பகுதியில் வெள்ளையர் வெப்பம் தணிய வந்து தங்கும் மலைவாழிடமாக இதை அமைக்கும் பணி தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து மலைச்சாலை வந்து சேர்ந்தது. காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்டு, கொழுந்து எடுக்கத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மலாயாத் தோட்டங்களின் அமைப்பு இங்கும் அப்படியே வந்து இறங்கியது. மேட்டில் நிர்வாகியான துரையின் பங்களா, சற்றுக் கீழே எழுத்தரான கிராணியார் வீடு, அதற்கும் கீழே மேற்பார்வையாளரான தண்டல் வீடு, பள்ளத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு. மனிதரின் மதிப்பை எவரும் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை. வீடு நின்ற உயரமே அதைச் சொல்லிற்று.

அதற்கு முன்பே, தமிழகத்தில் ஆள் திரட்டும்போதே, இந்த மதிப்பீடு தொடங்கிவிட்டது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னும் கங்காணி ஊரிலிருந்து ஆள் சேர்த்துவரும் முறை தொடர்ந்தது; 1938-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு மனிதர் காலையில் எழுந்து பெரட்டில் நிற்பது இன்னொருவரின் வருமானக் கணக்கில் ஒரு புள்ளியாக விழுந்தது.

இப்படி ஓர் அமைப்பு நெடுநாள் நிற்க வேண்டுமானால், அதில் கீழே வைக்கப்பட்டவர்கள் தம் இடம் இயற்கையானது என்று நம்ப வேண்டும். மலேசிய அறிஞர் சையது உசேன் அலாதாஸ் 1977-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த நம்பிக்கை எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டது என்பதை ஆவணங்களைக் கொண்டு விளக்குகிறது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலிக்கு வர மறுத்து, சொந்த நிலத்தில் உழைத்த மலாய்க்காரரைக் குடியேற்ற ஆட்சியினர் சோம்பேறி என்று எழுதினார்கள். வந்து உழைத்த தமிழரைப் பணிவுள்ளவர், தானாக எதையும் செய்யத் தெரியாதவர் என்று வகைப்படுத்தினார்கள். ஆட்சியின் தேவைக்கு யார் எந்த அளவு பயன்பட்டார்களோ அதுவே அவர்களுடைய ‘குணம்’ என்று பதிவாயிற்று. நூலின் இந்த வாதத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தன்னிழிவு பேசும் குரல் நம் குரலைப் போலவே ஒலிக்கிறது. ஆனால் அதன் முதல் வரைவு ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில், ஒருவருடைய இலாபத்துக்காக எழுதப்பட்டது.

ஆயினும் துரைமார்மீது முழுப் பழியையும் போட்டுவிட்டு நகர்ந்தால் அடுத்த அடுக்கைத் தவறவிடுவோம். கப்பலேறுமுன்பே நம்மவரில் பெரும்பாலோர் ஒரு தீர்ப்பைச் சுமந்திருந்தார்கள், அது சாதி. மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் லயங்கள்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. தண்ணீர்க் குழாயில், கோயில் வாசலில், கலியாணப் பந்தியில் ஊர்ப் பழக்கம் தொடர்ந்தது. துரையின் முன் எல்லாரும் கூலிகளாக நின்றார்கள். அந்தக் கூலிகளுக்குள்ளேயே ஒருவர் மற்றவரைத் தீண்டாமல் நின்றார். அம்பேத்கர் இதைப் படிநிலைப்பட்ட சமமின்மை என்று விளக்கினார். ஏணியின் ஒவ்வொரு படியில் இருப்பவரும் தமக்குக் கீழே ஒரு படி உண்டு என்ற ஆறுதலைப் பெறுகிறார்; அந்த ஆறுதலே ஏணியைச் சாயாமல் காக்கிறது. மேலிருந்து வரும் இழிவைக் கீழே தள்ளிவிட்டால் பாரம் குறையும் என்று தோன்றுகிறது. உண்மையில் தள்ளுபவர் தம் படியை ஒப்புக்கொண்டவராகிறார்.

போ தோட்டம் தொடங்கிய அதே 1929-இல், டிசம்பர் மாதம், பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்து இறங்கினார். நாலரை ஆண்டுகளுக்குமுன் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கியிருந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்திருந்தது. கேமரன் மலைக்கு அருகிலுள்ள நகரமான ஈப்போவில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டில் அவர் பேசினார். அவர் நடத்திய சுயமரியாதை இயக்கத்தின் பெயர் நம் ஆய்வுக்கு மிகவும் வேண்டியது. ஊதிய உயர்வோ வாக்குரிமையோ கேட்டு அவ்வியக்கம் தனக்குப் பெயரிட்டுக்கொள்ளவில்லை; மனிதர் தமக்குத் தாமே தரவேண்டிய மரியாதையைப் பெயராக வைத்துக்கொண்டது. பிறர் தரும் மரியாதையைப் பிறர் பறிக்கலாம். தானே தனக்குத் தருவதை இழக்க வேண்டுமானால் தன் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதையே இயக்கம் முதற்பணியாக எண்ணியது.

சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது? மனத்துக்குள் உறுதி எடுத்தால் போதுமா? இந்தக் கேள்விக்கு மலாயாத் தமிழர் வரலாறு தரும் விடை ஒன்று உண்டு. அதை நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

1941-ஆம் ஆண்டின் முதற்பாதியில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களுடைய தலைவர்களில் முதன்மையானவர். கோரிக்கைகளின் பட்டியல் இன்றும் வரலாற்று நூல்களில் கிடைக்கிறது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும். இவற்றை எவரும் எதிர்பார்ப்பார்கள். இவற்றின் நடுவே, துரையின் எதிரிலும் தோட்ட அலுவலரின் எதிரிலும் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும் என்று ஒரு கோரிக்கை நிற்கிறது.

அதன் பின்னணி எளியது. தோட்டச் சாலையில் துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பது நடைமுறை. இறங்குவதால் காசு நட்டமில்லை, உடம்புக்கு வலியில்லை, இரண்டு நிமிட நேரந்தான். ஆயினும் கூலி, கல்வி, பெண்களின் மானம் ஆகியவற்றோடு அதே பட்டியலில் அதை வைத்தார்கள். தன்னிழிவு எந்த வழியாக உடலுக்குள் புகுகிறது என்பதை அந்தத் தொழிலாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்றே நான் கொள்கிறேன். தினமும் ஒருவரைக் கண்டவுடன் கால் தானாகத் தரைக்கு வருகிறது. ஆயிரம் முறை இறங்கிய கால், எவர் சொல்லாமலும் இறங்கும். பிறகு சைக்கிள் இல்லாத இடத்திலும் அந்த உடல் இறங்கிக்கொண்டே இருக்கும்: அலுவலகக் கவுண்டரின் முன் குரல் தாழும், மருத்துவர் அறையில் நாற்காலி நுனியில் உட்காரத் தோன்றும், கேள்வி இருந்தும் வாய் எழாது. கருத்தைக் காட்டிலும் பழக்கம் ஆழமானது. அதனால் கருத்தை மறுத்தால் மட்டும் போதாது. இறங்காமல் போய்ப் பழக வேண்டும். அந்த வேலைநிறுத்தம் படைபலத்தால் அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்; நாதன் நாடு கடத்தப்பட்டார். தோற்ற போராட்டம் என்றே ஏடுகள் அதைப் பதிவு செய்கின்றன. ஆனால் சைக்கிளை விட்டு இறங்க மறுக்கலாம் என்று பலர் கூடி எழுதிவைத்த பின்னர், இறங்குவது முன்போல் இயல்பாக இருந்திருக்க முடியாது.

போருக்குப்பின் 1946, 1947 ஆண்டுகளில் கெடாவில் எழுந்த தொண்டர் படை, தோட்டத்து இளைஞர்கள் தாமே அமைத்த அணி. கள்ளுக்கடைகளை மறித்தார்கள், குடியை விடச் சொல்லி வீடுவீடாகப் போனார்கள். அதற்குப்பின் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, ம.இ.கா. கட்சித் தலைவரும் அமைச்சருமான வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. தம்மைப் பற்றி உயர்வாக எண்ணுங்கள் என்று சம்பந்தன் பாடம் நடத்தியிருந்தால் எவ்வளவு பயன் விளைந்திருக்குமோ தெரியாது. மாதாமாதம் பத்து வெள்ளி ரசீது கையில் இருந்தவர் தாம் வேலைசெய்யும் மண்ணில் தமக்கும் பங்குண்டு என்பதை அறிந்திருந்தார்.

இனி ஒருவர் தனியாக இருக்கும்போது உள்ளே நடப்பதற்கு வருவோம். கூட்டாக எழுந்த மக்களின் பிள்ளைகளும் இரவில் தனியே விழித்திருந்து தம்மை நொந்துகொள்கிறார்கள். வரலாறு மட்டும் அவர்களுக்குத் தூக்கம் தராது.

தேயிலைத் தோட்டத்தில் நாளின் முடிவில் தராசு வரும். வெட்டிய கொழுந்து மூட்டையாக ஏறும், கிலோ எழுதப்படும், கிலோவுக்கு ஏற்ப ஊதியம். தராசு கொழுந்தைத்தான் நிறுக்கிறது. ஆனால் பல்லாண்டு அதன் முன் நின்ற மனிதர், தம்மையே அது நிறுப்பதாக உணரத் தொடங்குவது வியப்பன்று. நல்ல மழைக்குப்பின் கொழுந்து செழிக்கும் வாரத்தில் தலை நிமிரும். வறண்ட வாரத்தில் வீட்டில் சண்டை வரும். தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகள் வேறு தராசுகளைத் தேடிக்கொள்கிறார்கள்: எத்தனை ‘ஏ’, மாதம் எத்தனை ரிங்கிட், என்ன கார், யாருடைய கலியாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் ஒரு வாய்பாடு தந்தார்: ஒருவரின் தன்மதிப்பு, அவர் அடைந்த வெற்றியை அவருடைய எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பது. கூர்மையான வாய்பாடுதான், ஆனால் அதன்படி வாழ்பவருக்கு ஓய்வே கிடையாது. வெற்றி ஒவ்வொரு மாலையும் மாறும். அதோடு எழுந்து அதோடு விழும் தன்மதிப்பை நான் ஆரோக்கியமானதாகக் கருதமாட்டேன்; அது வெளியே வைத்த தராசின் முள்.

சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பர்க் 1965-இல் தன்மதிப்பை அளக்கப் பத்து வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. அவர் செய்த ஒரு விளக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயர்ந்த தன்மதிப்பு என்பதற்கு ‘நான் மிகச் சிறந்தவன்’ என்ற எண்ணமும் பொருளாகலாம், ‘நான் போதுமானவன்’ என்ற எண்ணமும் பொருளாகலாம். தாம் அளக்க விரும்பியது இரண்டாவதையே என்றார். பிறரைவிட மேல் என்ற எண்ணம் இதில் இல்லை. மனிதர் நடுவே தமக்கும் இடமுண்டு, தம் குறைகளோடு அங்கே இருக்கலாம் என்ற அமைதி இது. தோட்டத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர் அறிவார். அதற்குக் கிடைக்கும் ஊக்கமொழி பெரும்பாலும் ‘ஜெயித்துக் காட்டு’ என்பதே. ஜெயிக்கும்வரை மனிதக் கணக்கில் சேராதவர் என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

புகழ்ச்சி மருந்தாகுமா? நம் பட்டறைகளிலும் முகாம்களிலும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, ‘நான் சிறந்தவன்’ என்று உரக்கச் சொல்லவைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றி நிதானமாக யோசிக்க வைக்கிறது. ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்கள் தம்மைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது சற்றே நன்மை பெற்றார்கள். தன்மதிப்புக் குறைந்தவர்களோ சொன்னபின் முன்னைவிட வாடினார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளிருக்கும் குரல் அதற்கு எதிர்ச்சான்றுகளை அடுக்கத் தொடங்குகிறது. வழக்காடி வென்றுவிட முடியாத குரல் அது.

ஆகவே அதனோடு வேறுவிதமாகப் பேச வேண்டும். மூன்று கேள்விகளை நான் பரிந்துரைப்பேன். முடிந்தால் தாளில் எழுதியே விடை காணவேண்டும். இந்த வாக்கியத்தை முதலில் எனக்குச் சொன்னவர் யார்? அதை நான் நம்பியதால் யாருக்கு என்ன கிடைத்தது? இப்போது என் முன்னுள்ள காரியத்தில் உண்மையாகவே என்ன தடை? முதலிரண்டும் குரலை அதன் பிறப்பிடத்துக்கு அனுப்பிவைக்கும். மூன்றாவதே கடினம், பலன் தருவதும் அதுவே. ‘நமக்கு எதுக்கு’ என்ற தீர்ப்பின் இடத்தில், ‘இந்த மனுவின் மூன்றாம் பக்கத்தில் கேட்டிருப்பது எனக்கு விளங்கவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். பன்மை ஒருமையாகிறது, ஆளைப் பற்றிய தீர்ப்பு, காரியத்தைப் பற்றிய தகவலாகிறது. மூன்றாம் பக்கத்தை விளக்க ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரால் முடியும். நம் பிறப்பைத் திருத்த எவராலும் முடியாது, தேவையும் இல்லை.

அதோடு தொனி. நட்பான பக்கத்து வீட்டுப் பிள்ளை தேர்வில் தவறினால் அதனிடம் எப்படிப் பேசுவோமோ, அப்படி நம்மிடம் பேசுவதில்லை. உளவியலாளர் கிரிஸ்டின் நெஃப் 2003 முதல் எழுதிவரும் தன்பரிவு பற்றிய ஆய்வுகள் இதையே மையமாக்குகின்றன: தன்னிடம் கனிவு, வலியைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் பார்க்கும் தெளிவு, இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்ற பொது மனித உணர்வு. மூன்றாவதை நம் மக்கள் எளிதில் கற்றுக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். இத்தனை பேரை ஒரே வரிசையில் தாழ்த்தி நிறுத்திய அதே ‘நாம்’, இத்தனை பேர் இதைக் கடந்து வந்திருக்கிறோம் என்று சொல்லவும் பயன்படும்.

இங்கே பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்கு மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாவிட்டால், இடைநிலைப்பள்ளியில் ‘ரிமூவ்’ என்னும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க நேரும். கூடப் படித்தவர்கள் முதலாம் படிவத்துக்குப் போயிருப்பார்கள். மொழிக்கான ஆண்டு அது. பிள்ளையின் காதில் ‘மட்டம்’ என்று விழுகிறது. சில மாதங்களில் அது சொல்லத் தொடங்கும்: “படிப்பெல்லாம் நமக்கு எதுக்கு?” நாம் இதைத் தன்னிழிவு என்று எண்ணுகிறோம். உளவியலாளர்களான ஜெனிஃபர் கிராக்கரும் பிரெண்டா மேஜரும் 1989-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. இகழப்படும் குழுவினர் எல்லாரும் தம்மை இகழ்வதில்லை. தம் மதிப்பைக் காத்துக்கொள்ள அவர்களிடம் சில உத்திகள் உண்டு. இகழ்ச்சியை இகழ்பவரின் ஓரவஞ்சனையாகக் கண்டுகொள்வது ஒன்று. தாம் தோற்கும் துறையே முக்கியமில்லை என்று ஒதுக்கிவிடுவது இன்னொன்று. அந்தப் பிள்ளை செய்வது இரண்டாவது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே படிப்பைத் தூக்கி எறிகிறது. அதனிடம் ‘உனக்கு உருப்படவேண்டும் என்ற எண்ணமே இல்லை’ என்று சத்தம் போட்டால், கேடயத்தை இன்னும் இறுகப் பிடிக்கும். முதல் உத்தியைக் கற்றுக்கொடுத்தால் கேடயத்தை இறக்கி வைக்கும்: நீ மட்டமில்லை, உன்மேல் இரண்டாம் மூன்றாம் மொழிகளின் சுமை இருக்கிறது, சுமையைப் பங்கிட்டுக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

சொல்லத் தயங்கக்கூடிய, ஆனால் சொல்லியே ஆகவேண்டிய அடுக்கு இன்னொன்று. இன்று கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். மூன்றாம் நான்காம் தலைமுறைத் தமிழர்கள் தண்டல்களாக, ஆலைப் பணியாளராக, கடைக்காரராக, வண்டியோட்டிகளாக இருக்கிறார்கள். வந்தவர்களைப் பற்றி நம்மவர் வாயில் சில நேரம் வரும் சொற்களைக் கேளுங்கள். அழுக்கு, சோம்பல், நம்ப முடியாதவன். ஒவ்வொரு சொல்லும் நம் பாட்டனார்மேல் ஒட்டப்பட்டிருந்தது. முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறோம். செமாய் மக்களைப் பற்றியும் இவ்வாறே பேசப்படுகிறது. தனக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டால்தான் நிற்கும் மதிப்பைத் தன்மதிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படி வந்த ஒரு வங்காளதேச இளைஞன் ஒருநாள் நிமிர்ந்து நின்றால் அந்த மதிப்பு சரிந்துவிடுமல்லவா? அவனைப் பெயர் சொல்லி அழைப்பதும், தராசில் அவனுடைய கிலோவைச் சரியாக எழுதுவதும், வண்டியில் பக்கத்தில் உட்கார வைப்பதும் அவனுக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல. நம் உடலிலிருந்து அந்த ஏணியை வெளியேற்றும் பயிற்சியும் அதுவே.

கடைசியாக ஓர் எல்லையைக் குறிக்க வேண்டும். நான் விளக்கியவை பழக்கமாகிவிட்ட தன்னிழிவுக்குப் பொருந்துவன. சிலரிடம் அது நோயாக முற்றிவிடுகிறது. வாரக்கணக்கில் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, தான் இல்லாவிட்டால் வீட்டாருக்கு நல்லது என்ற எண்ணம் ஆகியவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். இவற்றுக்கு மூன்று கேள்விகளும் தாளும் போதா, சிகிச்சை வேண்டும். மலேசியாவில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வருமோ என்று இனி அஞ்ச வேண்டியதில்லை. தானா ராத்தாவிலேயே மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. இரவு எந்நேரமும் நம் மனக்குறையைத் தொலைபேசியில் கேட்கப் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இருக்கிறார்கள்.

மருத்துவரிடம் போகும் நம்மவர் பெரும்பாலும் தலைவலி, நெஞ்சு படபடப்பு, கை கால் அசதி என்று சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மனத்தைப் பற்றிச் சொல்ல வெட்கம். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தெரியாத தயக்கம். அப்படிப்பட்டவரோடு கூடப் போகும் வாய்ப்புக் கிடைத்தவர்கள், வெளியே காத்திருக்காமல், அவர் ஒப்பினால் உள்ளே சென்று அமர வேண்டும். வீட்டில் அவர் என்ன வார்த்தைகளால் தம்மைத் திட்டிக்கொள்கிறார் என்பதை அப்படியே மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றிப் பேசினாரா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த சந்திப்பின் நாளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அன்று அவரை அழைத்துவர வண்டிக்கும் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.